ஒரு வினைச்சொல்லின் வழக்கு: ‘அஜிடேட்’



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்: ‘அஜிடேட்’. ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் அதன் பெயர்ச்சொல் வடிவம் பழக்கமானதுதான். “கலெக்டர் ஆபீஸ் முன்னாடி ஏதோ அஜிடேஷனாம், பஸ்ஸெல்லாம் சுத்திப் போகுது” என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறோம். வாஷிங் மெஷினுக்குள் நடுவில் நின்று துணியைப் புரட்டிப் போடும் துடுப்புத் தண்டுக்கு அஜிடேட்டர் என்று பெயர். மருத்துவமனையில் ஒருவர் இருப்புக்கொள்ளாமல் கையைப் பிசைந்துகொண்டு வார்டில் நடந்தபடியே இருந்தால் ‘அஜிடேட்டட்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். நம் உயர் நீதிமன்றங்களில் ஒரு வழக்கறிஞர் ஒரு சட்டப் பிரச்சினையைக் கீழ்க்கோர்ட்டிலேயே அஜிடேட் செய்ததாகச் சொன்னால், அதை எழுப்பி வாதாடியதாகப் பொருள். நீர்மம், மனம், வாதம், மக்கள் என்று நான்கு இடங்களில் ஒரே சொல் புழங்குகிறது. அதன் லத்தீன் வேர் மாட்டை ஓட்டுவதற்கும் ஒரு காரியத்தை நடத்துவதற்கும் பொதுவான வினை; அதையே திரும்பத் திரும்பச் செய்வது என்ற பொருளில் வளர்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இந்த நான்கு பொருள்களில் முதலாவதை எடுத்து நான்காவதன் மேல் ஒட்டிவிடும் ஒரு பழக்கம் அதிகாரத்தில் இருப்பவர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. பாத்திரத்தில் நீர் சும்மா கிடக்கிறது, வெளியிலிருந்து ஒரு கை வந்து கலக்குகிறது, ஆகவே கையை வெட்டினால் நீர் தெளியும் என்ற கணக்கு அது. மக்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு தவறு. சொல்லின் வரலாறே அதற்குச் சாட்சி சொல்கிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் பாத்திரத்தையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டிஜிட்டல் கேமரா வருவதற்கு முந்தைய ஸ்டூடியோக்களில் டார்க்ரூம் வேலை செய்தவர்களுக்கு இந்த வினைச்சொல் அன்றாடச் சொல். இருட்டில் ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, மூடிய டேங்கில் இட்டு, டெவலப்பரை ஊற்றுவார்கள். முதல் அரை நிமிடம் டேங்கை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை சில விநாடிகள். இதற்குத்தான் அஜிடேஷன் என்று பெயர். ஏன் இது தேவை? ஒளி பட்ட வெள்ளி உப்பின் மேல் டெவலப்பர் வேலை செய்யச் செய்ய, அந்த இடத்தில் உள்ள கரைசல் வலுவிழக்கிறது. வேலையில் பிறக்கும் புரோமைடு அங்கேயே தங்கி மேற்கொண்டு வேலை நடக்கவிடாமல் தடுக்கிறது. அசைத்தால் பழைய கரைசல் விலகிப் புதியது வந்து சேரும். அசைக்காமல் விட்டால் படம் திட்டுத்திட்டாக, கோடு இழுத்ததுபோல் வரும். வேகமாகக் குலுக்கினாலும் கெடும். ஃபிலிமின் ஓரத் துளைகளின் அருகே அளவுக்கு மீறிக் கருமை ஏறிவிடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குலுக்குகிற கை படத்தை உண்டாக்கவில்லை. கேமராவின் கதவு ஒரு கணம் திறந்தபோதே ஒளி விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத உருவமாகப் படம் ஃபிலிமில் இருக்கிறது. ஒளியே படாத ஃபிலிமை டேங்கில் இட்டு நாள் முழுக்கக் குலுக்கினாலும் படம் எதுவும் கிடைக்காது. ஆக, நீர்மங்களோடு வேலை செய்பவர்களின் வழக்கிலேயேகூட, இந்த வினைச்சொல் எப்போதும் இல்லாததை உண்டாக்குவதைக் குறிப்பதில்லை. இருப்பதை முழுமையாக வெளிவரச் செய்வதையும் குறிக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். ‘அஜிடேட்டர்’ என்ற சொல் ஆங்கில அரசியலுக்குள் நுழைந்த ஆண்டு 1647. சார்லஸ் மன்னரின் படைகளைத் தோற்கடித்த நாடாளுமன்றத்தின் படைக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. போர்க்காலத்தில் மேலிடத்து உத்தரவின்படி செய்த காரியங்களுக்காகப் பின்னால் வழக்குத் தொடுக்கக் கூடாது என்ற உறுதியும் சிப்பாய்களுக்குக் கிடைக்கவில்லை. நாடாளுமன்றமோ படையைக் கலைத்து ஒரு பகுதியை அயர்லாந்துக்கு அனுப்பப் பார்த்தது. சிப்பாய்கள் தங்கள் தளபதி ஃபேர்ஃபாக்ஸுக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினார்கள். சொந்தத் தளபதிக்கு ஒரு மனு, அவ்வளவுதான். அந்த மார்ச் மாதக் கடைசியில் நாடாளுமன்றம் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, அந்த மனுவைத் தொடர்ந்து முன்னெடுப்பவர்கள் நாட்டின் பகைவர்களாகவும் பொது அமைதியைக் குலைப்பவர்களாகவும் கருதப்படுவார்கள் என்றது. அடுத்த சில வாரங்களில் குதிரைப்படைச் சிப்பாய்களும், பின்னர் காலாட்படையினரும், தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிரதிநிதிகளின் பெயர்தான் ‘அஜிடேட்டர்’. பிறர் சார்பில் காரியம் நடத்துபவர் என்று அன்று அதற்குப் பொருள்.

ஏப்ரல் 30 அன்று செக்ஸ்பி, ஆலன், ஷெப்பர்டு என்ற மூன்று சிப்பாய்கள் தங்கள் படைப்பிரிவுகளின் கடிதத்தோடு நாடாளுமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். கடிதத்தில் இருந்த சில வாசகங்களுக்கு விளக்கம் கேட்டுத் துருவினார்கள். யார் எழுதிக் கொடுத்தது, யார் பின்னால் இருக்கிறார்கள் என்பதே கேள்வியின் போக்கு. இது படைப்பிரிவுகள் சேர்ந்து எழுதியது, நாங்கள் அவர்களுடைய ஆட்கள் மட்டுமே, கேள்விகளை எழுத்தில் தந்தால் படைப்பிரிவுகளிடம் கொண்டுபோய்ப் பதில் வாங்கித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். அந்தப் பதில் எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுகிறது. கலக்கிய கையைத் தேடுகிறவர்களிடம், கை என்று தனியாக ஒன்று இல்லை, கேட்பது நாங்கள் எல்லோரும்தான் என்று சாதாரணச் சிப்பாய் சொல்கிறார். அந்த ஆண்டு அக்டோபர் 28 முதல் லண்டனுக்கு அருகே பட்னி தேவாலயத்தில் இந்த அஜிடேட்டர்கள் படைத்தலைவர் கிராம்வெல்லோடும் அவர் மருமகன் அயர்ட்டனோடும் எதிரெதிரே உட்கார்ந்து, சொத்தில்லாதவனுக்கு வாக்குரிமை உண்டா என்று வாதாடினார்கள். வில்லியம் கிளார்க் என்பவர் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியில் கிடந்து, 1891-இல்தான் அச்சுக்கு வந்தன. அந்த நவம்பரிலேயே இயக்கம் அடக்கப்பட்டது. வேர் என்ற ஊரில் ரிச்சர்டு ஆர்னால்டு என்ற சிப்பாயைச் சுட்டுக் கொன்றார்கள். கலகக்காரன் என்று இன்று அகராதி பொருள் சொல்லும் சொல், பிறந்த இடத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரதிநிதியைக் குறித்தது. அதை வசைச்சொல்லாக்கியவர்கள் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

வசைச்சொல்லாக அது எப்படி வேலை செய்தது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைவிடத் தெளிவான இடம் இல்லை. 1831 ஜனவரி 1 அன்று பாஸ்டனில் கேரிசன் என்பவர் ‘லிபரேட்டர்’ என்ற அடிமை ஒழிப்பு இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சவுதாம்டன் பகுதியில் நாட் டர்னர் என்ற அடிமை தலைமையில் எழுச்சி மூண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டார்கள். பழிவாங்கலில் எழுச்சியோடு தொடர்பே இல்லாத கறுப்பர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். வர்ஜீனியா ஆளுநர் ஜான் ஃபிளாய்டு, வடக்கிலிருந்து வந்த சில்லறை வியாபாரிகளும் போதகர்களும்தான் இந்த மனநிலையை விதைத்தார்கள் என்று சக ஆளுநருக்கு எழுதினார். டர்னர் அந்த இதழைப் படித்ததற்குச் சான்றே இல்லை. அவர் பைபிளைத் தானே படித்துத் தேர்ந்த போதகர். அந்த ஆண்டின் சூரிய கிரகணத்தைக் கடவுள் காட்டிய அடையாளமாக எடுத்துக்கொண்டவர். பிறந்த நாள் முதல் அடிமையாக வாழ்ந்த மனிதருக்கு, அடிமைத்தனம் கொடியது என்று வெளியூர்க்காரர் வந்து சொல்லித் தர வேண்டியிருந்ததா? இன்னொன்றும் உண்டு. எழுச்சிக்குப் பின் வந்த குளிர்காலத்தில் வர்ஜீனியா சட்டமன்றம் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கலாமா என்று வெளிப்படையாக விவாதித்தது. வியாபாரியும் போதகரும்தான் காரணம் என்றால் அந்த விவாதத்துக்கு என்ன வேலை? காரணம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒழிப்பை மறுத்துவிட்டு, கறுப்பர்கள் எழுதப் படிக்கக் கற்பதையும் கூடிப் பிரசங்கம் கேட்பதையும் தடுக்கும் சட்டங்களை இறுக்கினார்கள்.

1835 ஜூலையில் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கும்பல் தபால் அலுவலகத்தை உடைத்து, வடக்கிலிருந்து வந்த அடிமை ஒழிப்புப் பத்திரிகைகளை எடுத்துத் தெருவில் கொளுத்தியது. மறு ஆண்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, அடிமைமுறை பற்றிய மனு எதுவானாலும் படிக்காமல், விவாதிக்காமல் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இந்த விஷயத்தின் ‘அஜிடேஷன்’ ஒரேயடியாக நிற்க வேண்டும், பொதுமக்களின் மனம் அமைதி பெற வேண்டும் என்பதே அதற்குக் காட்டிய காரணம். சொல்லைக் கவனியுங்கள். அமைதியாக இருக்க வேண்டிய பொதுமனம் என்று அவர்கள் சொன்னபோது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகளின் மனம் அந்தக் கணக்கில் இல்லை. தீர்மானத்தின் பலன் நேர்மாறாக முடிந்தது. மனுக்கள் குறையவில்லை, பெருகின. அடிமைமுறையைப் பற்றிக் கவலைப்படாத வடக்கத்தியர்களுக்கும் மனு கொடுக்கும் உரிமை தங்கள் உரிமை என்பது உறைத்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதுமையில் ஆண்டுக்கணக்காக அந்தத் தீர்மானத்தை எதிர்த்து நின்றார். 1844 டிசம்பரில் அது ரத்தானது. இதே காலத்துச் சங்கதி ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். நான் முன்பு சொன்ன மருத்துவமனைப் பொருளோடு அதற்கு உறவு உண்டு. 1851-இல் லூசியானாவைச் சேர்ந்த கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒருவகை மனநோய் என்று எழுதி அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் சூட்டினார். வெளியூர்க்காரன் கிளப்பிவிட்டான் என்பதும், உள்ளே நோய் என்பதும் பார்வைக்கு வெவ்வேறு. இரண்டும் செய்யும் வேலை ஒன்று: அடிமைமுறையைக் காரணப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது.

நம் மண்ணில் இதற்கு இணையான வழக்கு 1908-இல் நடந்தது. தூத்துக்குடி கோரல் மில்லில் அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி குறைவு, வேலை நேரம் நீளம், விடுமுறை இல்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டங்களில் பேசினார்கள். நிர்வாகம் சில நாட்களிலேயே இறங்கிவந்து ஊதிய உயர்வுக்கு ஒப்புக்கொண்டது. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டார்கள். கலக்கும் கை என்ற கொள்கை உண்மையானால், அன்றோடு நீர் தெளிந்திருக்க வேண்டும். மறுநாள் திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகமும் அஞ்சல் அலுவலகமும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். சம்பளப் பிரச்சினை தீர்ந்து வேலைக்குத் திரும்பியிருந்த கோரல் மில் தொழிலாளர்கள், கைதைக் கண்டித்து மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். பேசியவர்கள் இருவரும் சிறைக்குள். அன்றைக்கு அந்தத் தெருக்களைக் கலக்கியது யார்? ஆனாலும் ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சிக்கு இரட்டை ஆயுள் தண்டனையாக நாடு கடத்தலும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் அவை குறைந்தன. 1870-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 124-ஏ பிரிவு, அரசின் மேல் வெறுப்பைக் கிளப்புவதைத்தான் குற்றமாக்கியது. வெறுப்புக்குக் காரணம் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் இடமே இருக்கவில்லை. மில்லின் கூலிப் பட்டியல் அங்கே சாட்சியாக நிற்க முடியவில்லை.

ஆங்கில ஆட்சி போனதும் அந்தப் பேச்சும் போய்விடவில்லை. ‘விஷமிகள்’, ‘வெளியூர் ஆட்கள்’, ‘ஊடுருவிய சக்திகள்’ என்ற சொற்களை நம் நாளிதழ்களில் படித்து வளர்ந்த தலைமுறைகள் நாம். பேச்சுத் தமிழிலும் “யாரோ ஏத்திவிட்டிருக்காங்க” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். வேலைக்காரப் பெண் சம்பள உயர்வு கேட்டாலும், மருமகள் பதில் பேசினாலும், மாணவன் மனு எழுதினாலும் இதே வாசகம்தான். கேட்டவர் தானாக யோசித்துக் கேட்டிருப்பார் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. மொழியில் இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்பது நம் பழமொழி. ‘இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி’ என்று எழுதும்போது ‘கிளர்ச்சி’ என்பதைத் தமிழர் யாரும் வசையாக எழுதுவதில்லை. கிளர்வது தானாக எழுவது. அதற்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டியதில்லை. ஆங்கிலத்து ‘அஜிடேஷன்’ இந்தியாவுக்கு வந்தபின் தன் வசைத்தன்மையைப் பெருமளவு இழந்து, மக்கள் இயக்கம் என்ற பொருளில் நிலைத்ததற்கு, இப்படிப்பட்ட சொற்கள் ஏற்கெனவே நம் மொழிகளில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று, எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும். புரட்சிக்காரர்களே வெளிக்கை வேண்டும் என்று சொன்னார்களே என்பது அது. உண்மைதான். 1902-இல் வெளியான ‘என்ன செய்ய வேண்டும்?’ நூலில் லெனின், தொழிலாளர்கள் தாமாகப் போராடினால் தொழிற்சங்க உணர்வு வரைதான் எட்டுவார்கள், அரசியல் உணர்வு வெளியிலிருந்து கொண்டுவரப்பட வேண்டும் என்று வாதிட்டார். சிலருக்குப் பல கருத்துகளைச் சொல்பவர் பிரச்சாரகர், பலருக்கு ஒரு கருத்தைச் சொல்பவர் அஜிடேட்டர் என்று பிளெகானவ் செய்த பாகுபாட்டையும் அதில் எடுத்தாண்டார். ஆட்சியாளரும் புரட்சியாளரும் ஒரே படத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ஒருவர் அஞ்சுவதை மற்றவர் விரும்புகிறார். ஆனால் 1917-இல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரியில் ஜூரிக் நகரில் இளைஞர்களிடம் பேசிய லெனின், வரப்போகும் புரட்சியின் தீர்மானமான போர்களைத் தம் தலைமுறை உயிரோடு பார்க்காமல் போகலாம் என்றார். சில வாரங்களில், ரஷ்யப் பழைய நாட்காட்டியின்படி பிப்ரவரி 23 அன்று, மகளிர் நாளில், பெட்ரோகிராடின் வைபோர்க் பகுதிப் பஞ்சாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அன்று வேலைநிறுத்தம் வேண்டாம் என்பதே அந்தப் பகுதி போல்ஷெவிக்குகளின் அறிவுரையாக இருந்தது. விடியற்காலையிலிருந்து ரொட்டிக்காக உறைபனியில் வரிசையில் நின்ற பெண்களுக்கு, அதன்பின் பன்னிரண்டு மணி நேரம் தறியில் நிற்கப் பொறுமை இல்லை. ஒரு வாரத்துக்குள் ஜார் பதவி இழந்தார். கலக்குவதையே முழுநேர வேலையாகக் கொண்டவர்கள் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டாவது மறுப்பு என்னை உண்மையிலேயே நிறுத்தி யோசிக்க வைப்பது. கிளப்பிவிடுவது என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. 1993-இல் ருவாண்டாவில் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி, டூட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று நாள்தோறும் சொன்னது. 1994-இல் படுகொலை தொடங்கியபின் ஆட்களின் பெயரையும் இருக்கும் இடத்தையும் அறிவித்தது. சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். ஐநாவின் தீர்ப்பாயம் 2003-இல் அந்த ஊடகக்காரர்களைக் குற்றவாளிகள் என்றது. 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கை இதற்குப் பயன்படுத்தும் வினைச்சொல் வேறு: ‘இன்சைட்’. ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துச் சொற்கள் பல. அவற்றுள் ‘ஃபொமென்ட்’ என்பதன் பழைய பொருள் ஒத்தடம் கொடுப்பது என்றால் நம்ப முடிகிறதா? சூடு கொடுத்து வளர்ப்பது என்ற வழியில் கலகத்தை வளர்ப்பது என்றாயிற்று. இவற்றை ஒன்றோடொன்று குழப்பக் கூடாது. ‘இன்சைட்’ என்றால் இன்னாரை இன்னது செய் என்று ஒரு செயலை நோக்கித் தள்ளுவது. அதற்கு இலக்காக ஒரு மனிதர் உண்டு. ‘அஜிடேட்’ என்பதற்கு இலக்கு ஒரு கேள்வி. ஒரு பிரச்சினையை அமுங்கவிடாமல் திரும்பத் திரும்ப எழுப்புவது. ருவாண்டா வானொலி எந்தக் கேள்வியையும் எழுப்பவில்லை. எழும் கேள்விகளையெல்லாம் அடைத்தது. நம் உச்ச நீதிமன்றமும் 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில், அரசைக் கடுமையாகக் கண்டிப்பது வேறு, வன்முறைக்கும் பொது ஒழுங்கைக் குலைப்பதற்கும் தூண்டுவது வேறு என்று கோடு கிழித்தது. எல்லை சில இடங்களில் மங்கலாகத்தான் இருக்கும். கேள்வி எழுப்பத் தொடங்கிய பேச்சு ஆளைக் காட்டுவதில் முடிவதும் உண்டு. அப்போது அந்தப் பேச்சைத் தண்டிக்கலாம். கேள்வி எழுப்பியதையே தண்டிக்க, அந்த ஆபத்தைச் சாக்காக எடுக்கக் கூடாது.

சரி, எல்லாம் மக்களிடமே இருக்கிறதென்றால், பேசியவர்களுக்கும் அலைந்தவர்களுக்கும் சிறை சென்றவர்களுக்கும் பெருமை ஏது என்று கேட்கலாம். டார்க்ரூமில் சொன்னதுதான் பதில்: அசைவில்லாத டேங்கில் படம் திட்டாகத்தான் வரும். அயர்லாந்தில் ஓகானல் 1824-இல் கத்தோலிக்கச் சங்கத்துக்கு மாதம் ஒரு பென்னி சந்தா என்று வைத்தார். நாடாளுமன்றத்தில் நுழையும் உரிமை மறுக்கப்பட்ட குறை ஏழைக் கத்தோலிக்கக் குடியானவருக்கு முன்பே இருந்தது. கோயில் வாசலில் வசூலான அந்த ஒரு பென்னி, ஒவ்வொருவரின் குறையையும் மற்றவரின் குறையோடு சேர்த்தது. 1829-இல் சட்டம் மாறியது. அமெரிக்காவில் 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையில் இருந்தபோது, எட்டு வெள்ளை மதகுருக்கள் வெளியாட்கள் வந்து நடத்தும் போராட்டம் என்று குறை சொன்னார்கள். கிங் எழுதிய பதிலில் முதல் விஷயமாக வைத்தது, தம்மை அழைத்தது உள்ளூர் இயக்கம்தான் என்பது. அந்த ஊரில் ஷட்டில்ஸ்வொர்த் என்ற போதகர், வீட்டில் குண்டு வெடித்த பிறகும், ஆண்டுக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார். வந்தவர் அழைப்பின் பேரில் வந்தவர். அவர் வருகையால் உலகம் திரும்பிப் பார்த்தது. இது சிறிய பெருமை அல்ல.

கடைசியாக, ஒரு முழக்கத்தின் வழியாக நீதிமன்றப் பொருளுக்கு வருகிறேன். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டில் அம்பேத்கர் மூன்று வினைச்சொற்களைத் தந்தார்: கல்வி பெறச் செய்யுங்கள், ‘அஜிடேட்’ செய்யுங்கள், அமைப்பாகுங்கள். 1880-களில் பிரிட்டிஷ் சோஷலிஸ்டுகளிடம் வழங்கிய முழக்கம் அது. தமிழில் சுவர்களிலும் பதாகைகளிலும் ‘கற்பி, ஒன்றுசேர், போராடு’ என்று பார்க்கிறோம். வரிசை மாறிவிட்டது. ஒன்றுசேர்ந்தபின் தெருவில் இறங்குவது என்ற பொருளில் ‘போராடு’ கடைசிக்குப் போனது. அம்பேத்கரின் வரிசையில் அது நடுவில் நிற்கிறது. படிப்பு மனத்தில் ஒரு கேள்வியைப் போடுகிறது; அந்தக் கேள்வி மனத்தைச் சும்மா இருக்கவிடாமல் உலுக்குகிறது; உலுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தேடி அமைப்பாகிறார்கள். வாதம் என்ற பொருளும் மனம் என்ற பொருளும் மக்கள் என்ற பொருளும் அந்த ஒரு சொல்லில் கூடுகின்றன. சட்டம் படித்தவர், சொல்லை எடை பார்த்துப் பேசுபவர். வரிசையைத் தற்செயலாக அமைத்திருப்பார் என்று என்னால் எண்ண முடியவில்லை. ‘போராடு’ நல்ல சொல்தான். ஆனாலும் நடுவில் இருந்த அந்த உள்ளுலுக்கல் தமிழ் முழக்கத்தில் விடுபட்டுப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவர் எதிர்கொண்ட ஒரு வழக்கு இதை விளக்கும். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மஹாட் நகராட்சியும் தன் சவ்தார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தியைக் கிளப்பி, சாதி இந்துக்கள் திரும்பிக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். பின்னர் சாணமும் தயிரும் கலந்த 108 குடங்களை ஊற்றிக் குளத்தைத் தூய்மை செய்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் உள்ளூர்ச் சாதி இந்துக்கள் சிலர் அம்பேத்கர் மேல் வழக்குத் தொடுத்துத் தடையாணை வாங்கினார்கள். தீண்டத்தகாதவர்கள் இந்தக் குளத்துக்கு வராமல் இருப்பது நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து வரும் வழக்கம் என்பது அவர்கள் வாதம். நீர் என்றென்றும் சும்மா கிடந்தது, இப்போதுதான் ஒருவர் வந்து கலக்கினார் என்ற அதே வாதம், இந்த முறை ஒரு நிஜமான குளத்தைப் பற்றி. ஆண்டுக்கணக்கில் அது நீதிமன்றங்களில், வழக்கறிஞர் மொழியில் சொன்னால், அஜிடேட் செய்யப்பட்டது. 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நினைவுக்கு எட்டாத வழக்கம் என்பதை வழக்காடியவர்கள் நிரூபிக்கவில்லை என்று சொல்லி, அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.